கரடி வாழும் மலையில் நடக்கும்போது: செத்ததுபோல் படுத்தால் போதுமா?

கேள்வி: "ஆகஸ்டில் குடும்பத்தோடு அமெரிக்காவின் கிளேசியர், யெல்லோஸ்டோன் இரண்டு தேசியப் பூங்காக்களுக்கும் போகிறோம். பகலில் மலைப்பாதை நடை, இரண்டு இரவு காட்டுக்குள் டெண்ட். எட்டு வயது மகனும் வருகிறான். கரடி எதிரே வந்தால் என்ன செய்வது? செத்ததுபோல் படுத்துக்கொண்டால் விட்டுவிடும் என்பது உண்மையா?"

இரண்டு நண்பர்களும் கரடியும் கதையைக் கேட்காமல் நம் ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்வான். மற்றவன் மூச்சை அடக்கிப் படுத்துவிடுவான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். உங்கள் கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். மரம் ஏறுவதை மறந்துவிடுங்கள். அங்கே இருப்பது இரண்டு வகை: கருங்கரடி, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி. கருங்கரடி நம்மைவிட வேகமாக ஏறும், கிரிஸ்லியும் நினைத்தால் ஏறும். படுத்துக்கொள்வது ஒரே ஒரு சூழ்நிலையில் உயிரைக் காக்கும், இன்னொரு சூழ்நிலையில் அதுவே உயிரை வாங்கிவிடும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது. கரடி விஷயத்தில் பாதுகாப்பின் பெரும்பங்கு நம் சாப்பாட்டுப் பையிலும் நம் வாயிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டிலும் கவனமாக இருந்தால் மற்றவற்றுக்கு வேலையே வராமல் போக வாய்ப்பு அதிகம்.

முதலில் சாப்பாடு. 1967 ஆகஸ்ட் 13 அன்று, நீங்கள் போகப்போகும் அதே கிளேசியர் பூங்காவில், ஒரே இரவில், வேறு வேறு இடங்களில், இரண்டு கிரிஸ்லிகள் பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. 1910-இல் பூங்கா தொடங்கியதிலிருந்து அதுவரை அங்கே கிரிஸ்லியால் ஒருவர்கூட இறந்ததில்லை. அப்படியானால் அந்த இரவில் மட்டும் என்ன நடந்தது? கிரானைட் பார்க் என்ற மலை விடுதிக்குப் பின்னால் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டுவது வழக்கமாக இருந்தது. இருட்டியதும் கரடிகள் வந்து தின்னும், தங்கியிருப்பவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ட்ரௌட் ஏரிப் பக்கம் சுற்றிய கரடியோ அந்தக் கோடை முழுவதும் முகாம்களில் புகுந்து சாப்பாட்டைத் தூக்கிப் பழகியிருந்தது. மனிதனைக் கண்டு ஒதுங்க வேண்டிய விலங்குக்கு, மனிதன் இருக்கும் இடத்தில் சோறு இருக்கும் என்று மனிதர்களே கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

யெல்லோஸ்டோனிலும் அப்போது இதே கதைதான். குப்பைமேடுகளில் கரடிகள் கூட்டமாகத் தின்றுகொண்டிருந்தன. சாலையோரம் காரை நிறுத்திக் கையால் ஊட்டியவர்களும் உண்டு. 1970 வாக்கில் குப்பைமேடுகளை மூடினார்கள். பழகிப்போன கரடிகள் சாப்பாடு தேடி முகாம்களுக்கு வந்தன, வந்தவை சுடப்பட்டன. கிரிஸ்லியின் எண்ணிக்கை அவ்வளவு சரிந்ததால்தான் 1975-இல் அமெரிக்காவின் அலாஸ்கா தவிர்த்த மாநிலங்களில் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று யெல்லோஸ்டோனைச் சுற்றி ஆயிரம் அளவில் இருக்கின்றன என்றால், ஐம்பது வருடமாகப் பலர் சாப்பாட்டு விஷயத்தில் கறாராக இருந்ததன் பலன் அது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மவர்கள் குழுவாக வரும்போது சமைப்பதிலும் பரிமாறுவதிலும் காட்டும் அக்கறையை மூடி வைப்பதில் காட்டுவதில்லை. மனிதச் சாப்பாட்டை ருசி பார்த்துத் துணிந்துவிட்ட கரடியைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள், வேறு வழி கிடையாது. நாம் டெண்ட் வாசலில் விட்டுவைத்த புளியோதரை டப்பாவுக்கு அந்தக் கரடி உயிரைக் கொடுக்கிறது. அடுத்த வாரம் அதே இடத்தில் டெண்ட் போடும் குடும்பத்துக்கும் அது ஆபத்து.

கரடியின் மூக்குக்கு நெய், பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் ஒன்றுதான். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், லிப் பாம், குழந்தையின் சட்டைப்பையில் மறந்துபோன மிட்டாய் ஆகியவையும் அதே கணக்கில் வரும். வாசனை உள்ள எதுவும் டெண்டுக்குள் இரவில் இருக்கக்கூடாது. சமைக்கும் இடம் டெண்டிலிருந்து நூறு கெஜம் தள்ளி இருக்கட்டும். தாளித்த உடையோடு படுக்காதீர்கள், அந்தச் சட்டையும் சாப்பாட்டுப் பையோடு போகட்டும். கிளேசியரின் உள்காட்டு முகாம்களில் சமைக்கத் தனி இடமும் சாப்பாட்டைக் கட்டித் தொங்கவிடும் வசதியும் இருக்கும், கயிறு மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். தரையிலிருந்து பத்தடி உயரம், பக்கத்து மரத்திலிருந்து நாலடி தள்ளி என்பது கணக்கு. கரடி திறக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் கேனிஸ்டர் ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது. கிலோவுக்கு மேல் கனம்தான், ஆனால் இருட்டில் கிளை தேடும் வேலை இல்லை.

பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்படியே கொட்டிவிடாதீர்கள். ஒரு வடிகட்டியில் ஊற்றி, தங்கும் சோற்றுப் பருக்கையையும் கடுகையும் ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். அப்புறம் வடிந்த தண்ணீரை டெண்டிலிருந்து தள்ளித் தெளித்துவிடலாம். நான் கூட்டிப் போகும் நண்பர்களிடம் கண்டிப்பாக இருக்கும் விஷயம் இது.

காரிலும் அலட்சியம் வேண்டாம். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் 1998-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைக் கருங்கரடிகள் உடைத்தன. சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் பூட்டுவதைக் கட்டாயமாக்கிக் கண்காணித்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது சத்தம். கரடித் தாக்குதல்களில் மிகப் பல திடீர்ச் சந்திப்பில் நடப்பவை. திருப்பத்தில் நீங்கள் ஒரு பக்கமிருந்து வருகிறீர்கள், குட்டியோடு தாய் மறுபக்கமிருந்து வருகிறது. அதற்கு யோசிக்க நேரம் இல்லை. நீங்கள் வருவது முன்னாலேயே காதில் விழுந்திருந்தால் அதுவே விலகிப் போயிருக்கும். இதற்காகக் கடைகளில் விற்கும் சின்ன மணியை வாங்காதீர்கள், அந்தக் கிணுகிணுப்பு கரடிக்கு எட்டுவதற்குள் நீங்கள் எட்டிவிடுவீர்கள். மனிதக் குரல்தான் வேலை செய்யும். நாங்கள் நடக்கும்போது பாட்டுக்குப் பாட்டு விளையாடுவோம். யாருக்கும் அலுக்காது, குரலும் நிற்காது. மூச்சு வாங்கும் ஏற்றத்தில் பாட முடியாவிட்டால் கைதட்டி "ஹோய்" என்று குரல் கொடுத்தால் போதும்.

கிளேசியரில் ஐஸ்பெர்க் ஏரிக்குப் போகும் பாதையை உதாரணமாகச் சொல்கிறேன். நீங்களும் அநேகமாக அங்கே போவீர்கள். சில இடங்களில் இருபுறமும் செடிகள் இடுப்பளவு, தோளளவு வளர்ந்து நிற்கும். கரடிகள் விரும்பித் தின்னும் ஹக்கிள்பெர்ரி என்ற காட்டுப்பழம் பழுக்கும் பருவம் வேறு. ஓடையை நெருங்கும்போது தண்ணீர் இரைச்சலில் நம் பேச்சு நமக்கே கேட்காது. காற்று எதிரிலிருந்து வீசினால் நம் வாடையும் கரடிக்குப் போகாது. இவையெல்லாம் சேரும் இடத்தில் நடையை மெதுவாக்கி, குரலை உயர்த்த வேண்டும். ஒரு முறை அந்தப் பாதையோரம் புல்தரையை யாரோ மண்வெட்டியால் புரட்டிப் போட்டதுபோல் கிடந்தது. கிழங்குக்காகக் கிரிஸ்லி நகத்தால் தோண்டிய இடம். மண் இன்னும் ஈரமாக, வேர்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அப்படிப் பார்த்தால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஓரிடத்தில் அண்டங்காக்கைகள் கூட்டமாக வட்டமிட்டாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ இன்னும் எச்சரிக்கை தேவை. செத்த மானையோ காட்டெருமையையோ காவல் காக்கும் கரடி எவரையும் கிட்டே விடாது.

காதில் இயர்போன், பாதையில் ஓட்டம், தனியாக அதிகாலை நடை மூன்றும் வேண்டாம். யெல்லோஸ்டோனில் குறைந்தது மூன்று பேராகப் போகச் சொல்கிறார்கள். கனடாவின் பான்ஃப் பூங்காவில் சில பாதைகளுக்குச் சில மாதங்களில் நான்கு பேர் நெருக்கமாகப் போவது சட்டமாகவே இருக்கிறது.

கரடி ஸ்ப்ரே வாங்காமல் உள்ளே போகாதீர்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின்தான் அதில் இருப்பது. விமானத்தில் கைப்பையிலும் அனுமதி இல்லை, செக்கின் பெட்டியிலும் அனுமதி இல்லை. அதனால் பூங்கா வாசல் ஊர்களில் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். லேபிளில் கரடிக்கானது என்றும் காலாவதித் தேதியும் இருக்கிறதா பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் வெடிக்கலாம். பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் போகிறவரிடம் மட்டும் இருந்தால் பின்னால் வருபவருக்கு உதவாது. பைக்குள் போடவே கூடாது. இடுப்பு பெல்ட்டிலோ பையின் மார்புப் பட்டையிலோ உறையில் இருக்க வேண்டும். அறையில் உட்கார்ந்து, உறையிலிருந்து உருவி, கட்டைவிரலால் பிளாஸ்டிக் பூட்டைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். கரடி பாய்ந்து வந்தால் முப்பதிலிருந்து அறுபதடி தூரத்தில் இருக்கும்போதே, முனையைச் சற்றுக் கீழ்நோக்கிப் பிடித்து, நடுவில் ஒரு காரமேகம் எழும்படி அடிக்க வேண்டும். சிலர் கொசு மருந்துபோல டெண்டிலும் உடையிலும் முன்கூட்டியே அடித்து வைக்கிறார்கள். அந்த எச்ச வாடை கரடியை இழுக்கும், அதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, யோசெமிட்டி பூங்காவில் இதை வைத்திருப்பதற்கே தடை. அங்கே கிரிஸ்லி கிடையாது.

சரி, கரடியைப் பார்த்துவிட்டீர்கள். தூரத்தில், உங்களைக் கவனிக்காமல் மேய்கிறது என்றால் ஓசையில்லாமல் விலகுங்கள். நூறு கெஜத்துக்குள் போகக்கூடாது என்பது யெல்லோஸ்டோன் விதி. உங்களைப் பார்த்துவிட்டது என்றால் ஓடாதீர்கள். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய விலங்கு அது, ஓடுகிறதைத் துரத்துவது அதன் இயல்பு. தணிந்த குரலில் பேசிக்கொண்டே பக்கவாட்டில் மெல்லப் பின்வாங்குங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் பயந்துவிட வேண்டாம், என்ன ஏது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். மூச்சைப் புஸ் என்று விட்டு, தாடையை அடித்து, தரையை அறைந்தால் அதற்கு நெருக்கடியாக இருக்கிறது என்று அர்த்தம், ஸ்ப்ரே கையில் இருக்கட்டும். பாய்ந்து வருபவற்றில் பல பாதியில் நின்று திரும்பிவிடும் பொய்ப் பாய்ச்சல்கள். அதற்கு நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். சொல்ல எளிது, கால் நடுங்கும் என்பதும் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே மனதில் பழகச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியின் நடுப்பகுதி இப்போது. திடுக்கிட்டுப்போன கிரிஸ்லி, அல்லது குட்டியைக் காக்கும் கிரிஸ்லி, உங்கள் மேல் கை வைத்தேவிட்டது. அப்போதுதான் படுக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. குப்புறப் படுங்கள், மல்லாந்து அல்ல. முதுகுப்பையைக் கழற்றாதீர்கள், அதுதான் கவசம். விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடி, புரட்ட முடியாதபடி கால்களை அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆபத்தில்லை என்று அதற்குத் தெரிந்தால் விட்டுவிடும். போன பிறகும் உடனே எழாதீர்கள், அது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கருங்கரடி தாக்கினால் படுக்கவே கூடாது. கல், கம்பு, கைமுட்டி எது கிடைத்தாலும் மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராட வேண்டும். எந்தக் கரடியானாலும், சத்தமில்லாமல் பின்தொடர்ந்து வந்தாலோ, இரவில் டெண்டைக் கிழித்து உள்ளே வந்தாலோ, அது உங்களை இரையாகப் பார்க்கிறது. அங்கேயும் போராட்டம்தான். நிறத்தை வைத்து அடையாளம் காணாதீர்கள், கருங்கரடிகளில் பழுப்பும் செம்பட்டையும் ஏராளம். தோளில் திமில், குழிந்த முகம், சின்ன உருண்டைக் காது, நீண்ட வெளிர் நகம் இருந்தால் கிரிஸ்லி. நேரான மூக்கு, உயர்ந்த காது, திமில் இல்லாத முதுகு என்றால் கருங்கரடி.

குன்னூர்ப் பக்கம் வளர்ந்தவன் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நம் நீலகிரித் தேன்கரடி வேறு வகை. புலியோடு காட்டைப் பங்கிட்டு வாழ்வதால் நெருக்கத்தில் மிரண்டால் ஓடுவதைவிடப் பாய்வதே அதன் பழக்கம், முகத்தையும் தலையையும் குறிவைக்கும். தேயிலைத் தோட்டத்தில் சத்தம் போட்டுக்கொண்டே நடக்கும் பெரியவர்களின் வழக்கம் மிகச் சரியானது. அந்த ஒரு பழக்கத்தை அப்படியே கிளேசியர் இருக்கும் மொன்டானாவுக்கும் எடுத்துப் போங்கள்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவன் உங்கள் இருவருக்கும் நடுவில் நடக்கட்டும், எக்காரணம் கொண்டும் முன்னால் ஓட விடாதீர்கள். கரடி தெரிந்தால் ஓடாமல் உங்கள் காலோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு மூன்று முறை நடித்துப் பழக்குங்கள். சின்னக் குழந்தையாக இருந்தால் தூக்கிக்கொள்ளலாம், எட்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஸ்ப்ரேயை இயக்க முடியாது. நடை தொடங்கும் ஒவ்வொரு காலையிலும் ரேஞ்சர் நிலையத்தில் எந்தப் பாதை கரடிக்காக மூடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஐஸ்பெர்க் பாதையையே சில நாள் மூடிவிடுவதும் உண்டு, அதனால் மாற்றுப் பாதை ஒன்றையும் முதல் நாள் இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.