ஏழு பதிவும் ஒரு வரியும்

வணக்கம்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் சொல்லி நான்கு மாதம் முன்பு 'எண்ண அலைகள்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். இதுவரை ஏழு பதிவு. நேர மேலாண்மை, முதுமையில் உடல்நலம், இன்றைய அரசியல், மழைநீர் சேமிப்பு என்று. மொத்தம் அறுபது பேர் பார்த்ததாகக் காட்டுகிறது, அதில் பாதி நானே. இதையே ஃபேஸ்புக்கில் போட்டால் நாற்பது லைக் விழுகிறது. "இப்போ பிளாக் எல்லாம் யார் சார் படிக்கிறாங்க" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். மீட்டர் கேஜ் காலத்தில், போர்ட்டர் லீவு போட்ட ராத்திரிகளில், நிற்காத மெயில் வண்டிக்கு மழையில் டோக்கன் வளையத்தை நீட்டிக்கொண்டு நின்றவன் நான். காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் கேட்கிறேன். தொடர்வதா, விட்டுவிடுவதா? தொடர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? பெயர் வேண்டாம்.

அன்புள்ள ஐயா,

உங்கள் ஏழு பதிவையும் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு நாளில் ஏழும் மறந்துவிட்டது. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய அந்த வளையம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

மழைநீர் சேமிப்பைப் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம் என்பதை டோக்கன் என்கிற ஓர் இரும்புப் பந்தை வைத்து எப்படி உறுதி செய்தார்கள் என்று எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு ஸ்டேஷனிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைந்த இரண்டு கருவிகள். ஒன்றிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை எந்தப் பக்கத்திலும் அடுத்தது வராது. அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் போகக் கூடாது. நிற்காத வண்டி என்றால் டோக்கனைத் தோல்பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, ஓடுகிற எஞ்சினுக்கு நீட்ட வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்தேன். நீங்கள் கையில் பிடித்திருக்கிறீர்கள். வளையம் தோளில் அடித்தால் எப்படி வலிக்கும்? எஞ்சினிலிருந்து வீசிய பழைய வளையம் இருட்டில் புதருக்குள் போய்விட்டால் யார் தேடுவார்கள்? பக்கத்து ஸ்டேஷன்காரர் தூங்கிவிட்டால் என்ன செய்தீர்கள்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. உங்களுக்கு இரண்டு வருடத்துக்குச் சரக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு நேர மேலாண்மை எழுதுகிறீர்களே! (ரயில்வேக்காரர் அந்தத் தலைப்பில் எழுதியதில் ஒரு துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை.)

ஃபேஸ்புக் லைக்குக்கு வருகிறேன். எல்லோருடைய புதுப் பதிவுகளையும் ஓரிடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி 2004-இல் வந்த பிறகு சில வருடங்கள் தமிழ் வலைப்பூக்கள் ஒரே தெருவில் கட்டிய வீடுகள் மாதிரி இருந்தன. பதிவு போட்ட ஐந்தாவது நிமிடம், முதல் பின்னூட்டம் தன்னுடையது என்று காட்ட, "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஒருவர் வருவார். "வடை எனக்கே" என்று இன்னொருவர். படித்தாரா என்பது வேறு விஷயம். அவர் இங்கே போட்ட பின்னூட்டத்துக்கு நாம் அங்கே போய்ப் போட வேண்டும், கல்யாண வீட்டு மொய் நோட்டு தோற்றது. நானும் ஒழுங்காக மொய் எழுதியவன்தான். அப்புறம் அந்தக் கூட்டம் ஃபேஸ்புக்குக்குக் குடிபோனபோது மொய் நோட்டும் கூடவே போனது. உங்கள் நாற்பது லைக்கில் நாலைந்து பேர் கடைசி வரி வரை வந்திருந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பதிவையே அடுத்த வருடம் நீங்கள் தேடிப் பாருங்கள், உங்களுக்கே கிடைப்பது கஷ்டம்.

வலைப்பூவுக்கு இன்று வருகிறவர் பெரும்பாலும் எதையாவது தேடி வருகிறவர். தாத்தா ரயில்வேயில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கிற பேத்தியாக இருக்கலாம். அவர் வர வேண்டுமானால் 'நினைவலைகள் - பகுதி 1' என்று தலைப்பு வைக்கக் கூடாது, யாரும் அப்படித் தேடுவதில்லை. 'ரயிலில் டோக்கன் வளையம் எதற்கு?' என்று வையுங்கள். உள்ளே ஓரிடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் என்றும் ஓரிடத்தில் நிலைய அதிபர் என்றும் வரட்டும். சிலர் அப்படித் தேடுவார்கள், சிலர் இப்படி. ஊர்ப் பெயர், பாதையின் பெயர், வருடம் மூன்றும் கட்டாயம். 'அந்தக் காலத்தில்' என்று எழுதினால் எந்தக் காலம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு சின்ன விஷயம், தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை. நீங்கள் பிளாகரில் எழுதுகிறீர்கள். அது பதிவின் முகவரியைத் தலைப்பிலிருந்துதான் எடுக்கும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அதற்கு ஒன்றும் புரியாமல் 'பிளாக் போஸ்ட்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண்ணை ஒட்டிவிடும். உங்கள் ஏழு முகவரியும் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. பதிவை வெளியிடுமுன் வலப்பக்க அமைப்பில் பெர்மாலிங்க் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுங்கள், போதும். பிளாகர் மாதிரியே வலைப்பூ எழுத உதவும் வேர்ட்பிரஸில் வேறு கூத்து. தமிழ் முகவரியை அது ஏற்றுக்கொள்ளும், ஆனால் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாகக் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஓடும்.

தட்டச்சு கஷ்டம் என்றால் வாயால் சொல்லுங்கள். கூகுள் 2017-லேயே தமிழுக்குக் குரல் உள்ளீட்டைக் கொண்டுவந்துவிட்டது. முற்றுப்புள்ளி, பத்தி எல்லாம் பிறகு நீங்கள்தான் போட வேண்டும். ஆனால் பேச்சின் ஓட்டம் எழுத்தில் தங்கும். உங்கள் ஏழு பதிவில் இல்லாததும் கடிதத்தில் இருப்பதும் அதுதான். விளம்பர வருமானம் பற்றி மகள் ஏதாவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2018-இல் தமிழை ஏற்றுக்கொண்டது உண்மைதான், உங்கள் அறுபது பேர் கூட்டத்துக்கு அது டீச்செலவுக்குக் காணாது. கூட வேலை பார்த்தவர்களின் தவறுகளை எழுதினால் பெயரை மாற்றிவிடுங்கள். படம் உங்களுடையதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் தேடி, எடுத்தவர் பெயரோடு போடுங்கள்.

எழுதியதைப் பத்திரப்படுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பட்டவன் சொல்கிறேன். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று இணையத் தமிழின் ஆரம்ப கால மின்மடல் குழுமங்கள் யாஹூ குரூப்ஸில்தான் இருந்தன. 2019 டிசம்பரில் அங்கிருந்த பழைய மடல்களை அழிக்கத் தொடங்கினார்கள், 2020 டிசம்பரில் கடையையே மூடிவிட்டார்கள். தனியாக எடுத்து வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம். என் கதை இன்னும் கேவலம். சொந்த முகவரி வாங்கி ஜம்பமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தேன். நினைவு வந்து திறந்து பார்த்தால் என் சிறுகதைகள் இருந்த முகவரியில் யாரோ ரம்மி ஆட அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளாகர் அமைப்புக்குப் போய் எல்லாப் பதிவையும் ஒரே கோப்பாக இறக்கி, பென் டிரைவில் ஒன்றும் மகளிடம் ஒன்றுமாக வையுங்கள். முக்கியமான பதிவுகளின் முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் கொடுத்துவிடுங்கள், அது ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளும்.

படிப்பதற்கும் ஒன்று சொல்கிறேன். பிடித்த தளங்களைச் செய்தியோடை (புதுப் பதிவுகள் தானாக வந்து சேரும் வசதி) வழியாகப் படியுங்கள். அதற்கென்று இருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியதோடு அந்தப் பழக்கமே போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஃபீட்லி மாதிரி செயலிகள் இருக்கின்றன. யார் எப்போது எழுதினாலும் வரிசையாக வந்து நிற்கும், நடுவில் யாரும் சண்டை போட மாட்டார்கள். பிடித்த பதிவுக்கு 'அருமை' என்று எழுதாதீர்கள். ஒரு தகவல் சேருங்கள், அல்லது ஒரு தப்பைச் சுட்டுங்கள். அப்படி ஒரு பின்னூட்டம் வந்தால் எழுதியவர் ஒரு வாரம் உற்சாகமாக இருப்பார். நான் இருப்பேன்.

அன்புடன்.

பி.கு. வலைப்பூவின் பெயரை மாற்றிவிடுங்கள். 'எண்ண அலைகள்' என்ற பெயரில் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் எழுதினார்கள். நீங்கள் வேலை பார்த்ததிலேயே சின்ன ஸ்டேஷன் எதுவோ, அதன் பெயரை வையுங்கள், இப்போது அங்கே வண்டி நிற்கிறதோ இல்லையோ.