முகாமைத்துவப் பட்டம் படித்தால் கொழும்பில் சம்பளம் கூடுமா?

கேள்வி இதுதான்: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு முடித்தாயிற்று, வங்கியொன்றில் வேலையும் வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நாலு வருஷம் முகாமைத்துவம் படித்தால் சம்பளத்தில் வித்தியாசம் தெரியுமா?

கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. அதை வைத்துச் சொன்னால், தெரியும். முதல் மாதச் சம்பளத்தில் தேடினால் மட்டும் ஏமாந்துபோவீர்கள்.

2014இல் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 32,000 ரூபாய். வெள்ளவத்தை அறை வாடகை, பஸ், மத்தியானச் சோற்றுப் பார்சல் எல்லாம் போக, ஊருக்கு அனுப்ப ஐயாயிரம் மிஞ்சினால் பெரிது. என்னோடு உயர்தரம் எழுதிவிட்டு நேரே வங்கிக்குப் போன நண்பன் அப்போது 48,000 எடுத்தான். போனஸ் வேறு, ஊழியர்களுக்கான குறைந்த வட்டிக் கடன் வேறு. “நாலு வருஷம் படிச்சும் இவ்வளவுதானோ?” என்று அம்மா கேட்டா. என்னிடம் பதில் இல்லை.

ஆறேழு வருஷம் போனபின் கதை மாறியது. உதவி முகாமையாளர் பதவிக்கு உள்ளேயே விண்ணப்பம் கோரினார்கள். அவனுடைய வங்கியில் கேட்டது பட்டம், இல்லாவிட்டால் அதற்குச் சமமான தொழில்சார் தகைமை. வேலை தெரிந்தவன், கிளையையே தனியாக நடத்தக்கூடியவன், அந்த ஒரு வரியில் நின்றுபோனான். அதே காலத்தில் நான் இரண்டு படி ஏறியிருந்தேன். பதவி ஏறும்போது கூடுவது அடிப்படைச் சம்பளம், அதுதான் முக்கியம். வருஷாந்த உயர்வும் பெரும்பாலும் அதன் வீதத்தில்தான் வரும். அடிப்படை 20,000 கூடினால், முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி (EPF) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதமுமாக இன்னொரு 3,000 மாதாமாதம் உங்கள் பெயரில் சேரும். கையில் வராததால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. (சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 8 வீதம் வெட்டுவார்கள். அது எல்லோர் கண்ணிலும் படும்!)

ஆனால் எல்லாப் புகழையும் பட்டத்துக்கே கொடுக்க மாட்டேன். பட்டதாரிகளுக்குக் கூடக் கிடைக்கிறது என்பது என் பட்டியலில் தெரிகிறது. அதில் பாதிப் பேர் ஏற்கெனவே நல்ல ஆங்கிலம் பேசுகிற வீட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பட்டம் இல்லாமலும் ஓரளவு மேலே வந்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் நேர்முகத்தில் தடுமாறுவது பாடத்தில் இல்லை, ஆங்கிலத்தில்; வேலைக்குள் வந்தபின் சிங்களத்தில். சிங்களம் பேசத் தெரிந்த ஒரு தமிழ்ப் பட்டதாரிக்குக் கொழும்பில் இருக்கும் மதிப்பை நான் தினமும் பார்க்கிறேன்.

கணக்கு பிடிக்குமென்றால் சிமா (CIMA) என்ற முகாமைக் கணக்காளர் பரீட்சையோ பட்டயக் கணக்காளர் பரீட்சையோ இன்னொரு வழி. எங்கள் நிதிப் பிரிவில் அதிக சம்பளம் எடுப்பவரிடம் பட்டமே இல்லை, சிமா முடித்தவர். பட்டமும் அதுவும் சேர்ந்தால் இன்னும் நல்லது, சரி. ஆனால் கடன் வாங்கித் தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டம் படிக்கப் போகிறீர்களென்றால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்: கட்டணம், வட்டி, வேலைக்குப் போகாததால் இழக்கும் சம்பளம். நான் போட்டுப் பார்த்த சிலருக்குப் பத்து வருஷத்திலும் அது திரும்பி வரவில்லை.

உயர்தரத்தில் உங்களுக்கு வந்த இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் போய்விடுங்கள், கட்டணம் இல்லை. கிடைக்காவிட்டால் வங்கி வேலையை விடாதீர்கள். சேர்ந்த முதல் வருஷமே திறந்த பல்கலைக்கழகத்தில் பதியுங்கள். என் நண்பன் அதை முப்பத்திரண்டு வயதில்தான் செய்தான். இப்போது சனிக்கிழமைகளில் மகளை மாமியிடம் விட்டுவிட்டு நாவலையிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான்.