மின்சார பிரஷ்: எந்த விலையோடு நிறுத்திக்கொள்ளலாம்?

கேள்வி: எனக்கு 52 வயது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. பல்லில் படிந்திருந்த காரையை எடுத்துவிட்ட மருத்துவர், இனி மின்சார பிரஷ் பயன்படுத்துங்கள் என்றார். கடையில் பார்த்தால் ஒன்றின் விலை இன்னொன்றைவிடப் பத்து மடங்கு. விலை கூடியதில் கைப்பேசிச் செயலி, ஐந்து வகை ஓட்டம், சிறு திரை எல்லாம் இருக்கின்றன. “உடம்புக்கு என்று வரும்போது கணக்குப் பார்க்காதீர்கள்” என்கிறாள் என் மகள். பார்க்கலாமா, கூடாதா?

பதில்: தாராளமாகப் பாருங்கள். மின்சார பிரஷ் வாங்கச் சொன்ன உங்கள் மருத்துவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பத்து மடங்கு விலையில் பெரும்பகுதி உங்கள் ஈறுக்குப் போய்ச் சேராது.

முதலில், பிரஷ் எதை எடுக்க வேண்டும் என்று பார்ப்போம். காலையில் பல் துலக்குவதற்கு முன் நகத்தால் பல்லின் அடிப்பகுதியை, ஈறை ஒட்டி, மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெண்மையாக, மாவுபோல நகத்தில் ஒட்டும். அதுதான் பற்படலம், பாக்டீரியாக்களின் குடியிருப்பு. நகத்துக்கே வருகிற அளவுக்கு மென்மையானது. இதை எடுக்க பலமும் வேண்டாம், விலை உயர்ந்த இயந்திரமும் வேண்டாம். சாதாரண நைலான் பிரஷ் போதும். எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து இறுகிக் காரையாகிவிடும். அதன்பின் எந்த பிரஷாலும் ஆகாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஆகவே, தினமும் எல்லா இடத்துக்கும் பிரஷ் போகிறதா, போதிய நேரம் அங்கே நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த இரண்டில் ஒன்றரையைத்தான் மின்சார பிரஷ் தீர்த்துவைக்கிறது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2014இல் 56 ஆய்வுகளை, மொத்தம் 5,068 பேரின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கை பிரஷ் பயன்படுத்தியவர்களைவிட மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களுக்கு முதல் மூன்று மாதங்களில் படலம் 11 சதவீதமும், அதற்குப் பிறகு 21 சதவீதமும் குறைவாக இருந்தது. ஈறு அழற்சி முதலில் 6 சதவீதமும் பின்னர் 11 சதவீதமும் குறைந்தது. வேறுபாடு உண்மையானது. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரியதல்ல. நீண்டகாலத்தில் பல்லுக்கு இது எவ்வளவு பயன் தரும் என்பது தெளிவாகவில்லை என்று அந்த அறிக்கையே சொல்கிறது. படலம் 21 சதவீதம் குறைந்தால் சொத்தையும் 21 சதவீதம் குறையும் என்று படித்துவிடக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த எண்கள் கை பிரஷுக்கும் மின்சார பிரஷுக்கும் இடையே உள்ளவை. மலிவான மின்சார பிரஷுக்கும் விலை கூடிய மின்சார பிரஷுக்கும் இடையே உள்ளவை அல்ல. விற்பவர் சொல்லும்போது இந்த இரண்டும் வசதியாகக் கலந்துவிடும்.

கை பிரஷ்காரர்கள் பின்தங்குவது ஏன்? இரண்டு நிமிடம் துலக்குங்கள் என்கிறோம். பெரும்பாலோர் ஒரு நிமிடத்தை ஒட்டியே வாயைக் கொப்பளித்துவிடுகிறார்கள். மின்சார பிரஷில் டைமர் இருக்கிறது. அசைவையும் இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் எந்த இடத்தில் வைப்பது என்பதை மட்டும் கைதான் தீர்மானிக்க வேண்டும். நான் சொன்ன ஒன்றரை போக மீதி அரை இதுதான்.

ஒருவர் என்னிடம் வந்தார். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய பிரஷ் அவர் கையில். அப்படியும் ரத்தம் நிற்கவில்லை என்று குறை. படலத்தைச் சாயமேற்றிக் காட்டும் மாத்திரை ஒன்றை வாயில் போட்டு மெல்லும்படி சொல்லிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். பற்களின் வெளிப்பரப்பு பளிச்சென்று இருந்தது. கீழ் முன்பற்களின் உட்புறம், நாக்கை ஒட்டிய பக்கம், ஈறோரமாக ஒரு சிவப்புக் கோடு. கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்திலும் அப்படியே. “எப்படித் துலக்குவீர்கள், காட்டுங்கள்” என்றேன். ஓடுகிற பிரஷைப் பிடித்துக்கொண்டு, பாத்திரம் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் தேய்த்தார். தனியாக அசைவதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஓய்வு கொடுத்துத் தானே வேலை செய்துகொண்டிருந்தார். வட்டத் தலை பிரஷ் என்றால் ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று விநாடி வைத்து, ஈறின் வளைவோடு நகர்த்தினால் போதும். மிக வேகமாக அதிரும் நீளத் தலை சோனிக் பிரஷ் என்றால் ஈறோரம் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். அவர் பிரஷை மாற்றவில்லை, பிடியை மாற்றினார். அடுத்த முறை சிவப்புக் கோடு ஏறக்குறைய காணாமல் போயிருந்தது.

சரி, எதற்குப் பணம் கொடுக்கலாம்? முப்பது விநாடிக்கு ஒருமுறை அதிர்ந்து இடம் மாறச் சொல்லும், இரண்டு நிமிடத்தில் முடிந்ததைத் தெரிவிக்கும் டைமர் கட்டாயம் வேண்டும். விலை குறைந்தவற்றிலேயே அது வந்துவிடுகிறது. அதற்கு அடுத்து, அழுத்தினால் விளக்கு எரிந்தோ வேகம் குறைந்தோ எச்சரிக்கும் சென்சார். கூடுதல் விலை கொடுத்து ஒன்றே ஒன்றை வாங்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அழுத்தித் தேய்த்தே ஈறை இறக்கிவிட்டு, பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்து, குளிர்ந்த நீர் பட்டாலே கூசுகிறது என்று வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். இறங்கிய ஈறு தானாக மேலேறாது. மூன்றாவதாக, சார்ஜ் செய்யும் பேட்டரி. மாற்றிப்போடும் பேட்டரியில் ஓடும் மிக மலிவான ரகம், பேட்டரி தளரத் தளர உங்களுக்கே தெரியாமல் வேகம் குறைந்துகொண்டே போகும்.

இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐந்து வகை ஓட்டம் என்பது பெரும்பாலும் ஒரே மோட்டாரின் வேகத்தையும் தாளத்தையும் மாற்றுவதுதான். வாங்கிய இரண்டாம் வாரமே எல்லோரும் ஒன்றில் நிலைத்துவிடுவார்கள். ‘வெண்மை’ என்று பெயரிட்ட ஓட்டம் தேநீர்க் கறை போன்ற மேற்கறையைக் கொஞ்சம் எடுக்கும், பல்லின் இயல்பான நிறத்தை மாற்றாது. செயலி, துலக்கத் தெரியாதவருக்கு முதல் மாதம் வாத்தியார்போல உதவலாம். அதன்பின் குளியலறைக்குக் கைப்பேசியை எடுத்துப்போகிற கெட்ட பழக்கம்தான் மிஞ்சும்.

எண்களைக் கண்டும் மயங்க வேண்டாம். சோனிக் பிரஷ் ஒன்றில் நிமிடத்துக்கு 31,000 அசைவுகள் என்று போட்டிருக்கும். போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று எண்ணினால் வருகிற கணக்கு அது. விநாடிக்கு ஏறக்குறைய 260 முறை போய்த் திரும்புகிறது என்று பொருள். சுழன்று திரும்பும் வட்டத் தலையின் எண் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் இருவகையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் குறுகிய காலத்துக்குச் சற்று முன்னே நின்றது வட்டத் தலைதான், அதுவும் சிறிய வித்தியாசத்தில். கையில் எது இதமாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

கைப்பிடியின் விலையைவிடத் தலைகளின் விலையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தலை, ஆண்டுக்கு நான்கு, ஐந்தாண்டில் இருபது. ஒரு தலை, பிரஷ் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட, தலைகளுக்கே பிரஷைப்போல இரண்டு மடங்கு செலவாகிவிடும். ஒரே நிறுவனத்தின் மலிவான கைப்பிடியிலும் விலை கூடிய கைப்பிடியிலும் பெரும்பாலும் ஒரே தலைதான் பொருந்தும். பல்லைத் தொடுவது அந்தத் தலை மட்டுமே.

சிலருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. 1954இல் சுவிட்சர்லாந்தில் உருவான பிராக்ஸோடென்ட் என்ற மின்சார பிரஷ், கை சரியாக இயங்காதவர்களையும் பல்லுக்குக் கம்பி கட்டியவர்களையும் மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. இன்றும் அவர்களுக்குத்தான் இதன் பயன் மிக அதிகம். முடக்குவாதம், நடுக்கம், பக்கவாதம் உள்ளவர்கள், படுக்கையில் இருப்பவருக்குப் பல் துலக்கிவிடுகிறவர்கள், இவர்கள் கை பிரஷோடு போராட வேண்டியதில்லை. தடித்த கைப்பிடியே அவர்களுக்குப் பெரிய உதவி.

உங்கள் ரத்தக் கசிவுக்கு வருகிறேன். ரத்தம் வருகிற இடத்தைத் தவிர்க்காதீர்கள், அங்கேதான் படலம் இருக்கிறது. மென்மையான தலையைப் போட்டு, காலையும் இரவும் இரண்டு நிமிடம், ஃபுளோரைடு உள்ள பற்பசையோடு துலக்குங்கள். ஓரிரு வாரத்தில் கசிவு குறைய வேண்டும். குறையாவிட்டால் திரும்பவும் மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு இருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எந்த விலை பிரஷும் நுழையாது. மிச்சப்படுத்திய பணத்தில் பல்லிடை பிரஷ் வாங்குங்கள். என்ன அளவு என்பதை மருத்துவரே உங்கள் வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வார். உங்கள் மகள் கணக்குப் பார்க்காமல் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், இதற்குச் செய்யட்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால், வாங்குவதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜர் தாங்கியில் காந்தப்புலம் உண்டு.

பிரஷ் வந்ததும் முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூக்கு நுனிகூட அரிக்கும். நான்கைந்து நாளில் பழகிவிடும். பற்பசை தெறிக்காமலிருக்க, வாய்க்குள் வைத்த பிறகு ஓட விடுங்கள், வெளியே எடுப்பதற்கு முன் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் உலோகத் தண்டின் அடியைப் பாருங்கள். பற்பசையும் எச்சிலும் கலந்து கறுப்புக் கூழாகத் தேங்கியிருக்கும். விலை கூடிய பிரஷிலும் தேங்கும். ஓடும் நீரில் கழுவித் துடைத்துவிட்டு, தலையையும் கைப்பிடியையும் தனித்தனியே காயவையுங்கள்.