தீர்த்தமலையும் தொப்பூர் இறக்கமும்

அன்புள்ள ஐயா,

நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். சங்கீதம் எனக்குத் தெரியாது. என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்து கீபோர்டு, இப்போது டிஜிட்டல் பியானோ. பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, தானே போட்ட ஒன்றை வாசித்தாள். பாட்டு வரி கிடையாது, பெயரும் சொல்லவில்லை.

முடிந்ததும் என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பா கடைசி ராத்திரி மூச்சு வாங்குனாரே, அதே மாதிரி இருக்குடா" என்றார். லாரி ஓட்டும் என் மச்சான், "அதில்லீங்க அத்தை, லோடு வண்டி ராத்திரில தொப்பூர் கணவாய் இறங்குற மாதிரி இருக்கு. வயித்துல ஒரு பயம்" என்றார். மகளோ இரண்டும் இல்லை என்கிறாள். தோழிகளோடு தீர்த்தமலை ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கிய சந்தோஷத்தைத்தான் போட்டாளாம். "யாருக்கும் புரியலப்பா, மாத்திடறேன்" என்று முகம் வாடிக் கிடக்கிறாள்.

பதிவை அனுப்பியிருக்கிறேன். இப்படிப்பட்ட இசைக்குப் பொருள் என்று ஒன்று உண்டா, அல்லது அவரவர் நினைத்துக்கொள்வதுதானா? அவள் மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகர், பாலக்கோடு

*

அன்புள்ள நண்பருக்கு,

மாற்ற வேண்டாம். மற்றதை மகளோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

பதிவைக் கேட்டேன். இடது கை ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை மேலிருந்து படிப்படியாக இறங்குகிறது. பாதியில் இரண்டு கைகளும் நின்று, பிறகு அதே மெட்டு கீழ் ஸ்தாயியில் மறுபடி தொடங்குகிறது. இப்போது மூன்று பேர் சொன்னதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் அம்மா இடது கையைக் கேட்டிருக்கிறார். மூச்சு அங்கேதான் இருக்கிறது, நடுவில் அது நிற்கவும் செய்கிறது. மச்சான் வலது கையைக் கேட்டிருக்கிறார். தொப்பூரில் பாரத்தோடு இறங்கியவருக்கு அந்த நடு நிறுத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகள் இறங்கியது மலைப்படி. மூவரும் கேட்டது ஒரே இறக்கம். கல்யாண ஊர்வலம் என்றோ குதிரைப் பாய்ச்சல் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அது இந்த இசையில் இல்லை என்று தயங்காமல் எழுதியிருப்பேன்.

ஆகவே 'அவரவர் நினைப்பதுதான்' என்பதை நான் ஏற்கமாட்டேன். எவ்வளவு வேகம், ஏறுகிறதா இறங்குகிறதா, எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்பதையெல்லாம் இசை கறாராகத் தீர்மானித்துவிடுகிறது. இறங்குவது எது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. அந்த இடத்தில் கேட்பவரின் வாழ்க்கையிலிருந்து ஏதோ ஒன்று வந்து உட்கார்கிறது. பொருந்துவது மட்டுமே உட்காரும்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சோன், 'சொற்களற்ற பாடல்கள்' என்ற பெயரில் பியானோவுக்குச் சிறு சிறு இசைகள் எழுதினார். அவற்றில் சிலவற்றுக்கு என்ன பொருள் என்று ஒருவர் கடிதத்தில் கேட்டார். 1842இல் மெண்டல்சோன் எழுதிய பதிலின் சாரம் இது: இசை மங்கலாகப் பேசுகிறது என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள், எனக்கோ மங்கலாக இருப்பவை சொற்கள்தான், ஒரே சொல் ஆளுக்கு ஆள் வேறாகிறது, இசையோ சொல்லுக்குள் அடங்காத அளவு துல்லியமானது. உங்கள் மகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இயற்றியவர் மனதில் இருந்ததே கடைசித் தீர்ப்பா? அதுவும் இல்லை. 1838-39 குளிர்காலத்தில் போலந்து இசையமைப்பாளர் ஷோபேன் உடல்நலம் குன்றி, ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு பழைய மடாலயத்தில் தங்கியிருந்தார். ஒரு மழை இரவில் அவர் வாசித்ததைக் கேட்ட எழுத்தாளர் ஜார்ஜ் ஸாண்ட், கூரையில் விழும் துளிகளின் ஒலி அதில் இருப்பதைச் சொல்ல, ஷோபேனுக்குக் கோபம் வந்துவிட்டதாம். மழையை நகலெடுத்ததாகச் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் பிரெலூடு எனப்படும் அவருடைய 24 சிறு பியானோ இசைகளில் 15ஆவதை உலகம் இன்றுவரை 'மழைத்துளி' என்றே அழைக்கிறது. அதிலும் ஒரு சுரம் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது, உங்கள் மகளின் இடது கையைப் போல. துளி அவர் மனதில் இருந்ததோ இல்லையோ, அந்தச் சுரத்தில் இருந்தது.

பியானோவில் இது அதிகம் நடப்பதற்கு அந்த வாத்தியமே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கட்டையை அழுத்தினால் உள்ளே சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடும். ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. நாகஸ்வரத்தில் மூச்சைக் கூட்டி ஒரு சுரத்தை வளர்ப்பதுபோல் இதில் வளர்க்க முடியாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகவும் முடியாது, கமகம் கிடையாது. டிஜிட்டல் பியானோவும் இதையேதான் போலி செய்கிறது. சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேட்பவரின் காதுதான் இணைக்கிறது. இணைக்கும்போது தன்னிடம் உள்ளதைப் போட்டுத்தானே இணைக்கும்?

இன்னொன்று, அவள் வாசித்தது மேற்கத்திய இசையின் மைனர் ஸ்கேல் என்ற சுர வரிசை. நம் கணக்கில் நடபைரவி ராகத்தின் சுரங்கள். சினிமாப் பின்னணி இசை நம் காதுகளை மைனர் என்றால் சோகம் என்று பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைச் சுரங்களின் குணமாக எண்ண வேண்டாம். கல்யாண ஊஞ்சலில் பாடப்படும் ஆனந்தபைரவி, நடபைரவியிலிருந்து பிறந்த ராகம்தான்.

நம் ஊர்க்காரர்களிடம் இதைப் பேசும்போது ஔவையை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. தகடூர், அதாவது நம் தருமபுரியை ஆண்ட அதியமானைப் பாடிய புறநானூற்று 92ஆம் பாட்டில் மழலையைப் பற்றிச் சொல்கிறார்: 'யாழொடும் கொள்ளா, பொழுதொடும் புணரா, பொருள்அறி வாரா.' யாழிசைக்கு ஒப்பாகாது, காலத்தோடு சேராது, பொருளும் விளங்காது. ஆனாலும் 'தந்தையர்க்கு அருள்வந் தனவால்'. தெருவில் போகிறவருக்கு என்று ஔவை சொல்லவில்லை, தந்தையர்க்கு என்கிறார். கேட்பவர் யார் என்பதும் சேர்ந்துதான் அங்கே அருள் பிறக்கிறது. உங்கள் அம்மாவின் கண்ணீர் இந்த வகை. அதைப் புரியாமை என்று மகள் எண்ணினால் அது பாட்டிக்குச் செய்யும் அநியாயம்.

இனி அவள் செய்யக்கூடியது. அடுத்த முறை யாராவது 'சோகம்', 'பயம்' என்றால், 'எந்த இடத்துல?' என்று மட்டும் கேட்கட்டும். வேறு விளக்கம் வேண்டாம். அந்தப் பதில்கள்தான் இயற்றுகிறவருக்குப் பாடம். பெயர் வைக்க விரும்பினால் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி செய்ததைச் செய்யலாம். 1910லும் 1913லும் வெளியான தன் பிரெலூடுகளுக்கு அவர் தலைப்புகளை முதலில் போடவில்லை, கடைசிச் சுரத்துக்குப் பிறகு சின்னதாக அச்சிட்டார்.

சிரிப்பும் கேட்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தால், மெட்டில் கை வைக்காமல் ஒன்றை முயன்று பார்க்கலாம். நடுவில் நிற்கும்போது பெடலை அழுத்தியே வைத்திருக்கிறாள், பழைய சுரம் தொங்கிக்கொண்டே தேய்கிறது. அங்கே காலை எடுத்துவிட்டு, இரண்டாம் பாதியைச் சற்று வேகமாகத் தொடங்கட்டும். இரண்டு விதமாகவும் பதிவுசெய்து பாட்டியிடமும் மாமாவிடமும் போட்டுக் காட்டிவிட்டு, எது தனக்கு வேண்டும் என்று அவளே முடிவு செய்யட்டும். இரண்டாவது பதிவை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்.