குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று குனிந்தால் ஏன் விழுகிறோம்?
உடலின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கணக்கில் கொள்ளும் புள்ளிதான் ஈர்ப்பு மையம். நிமிர்ந்து நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அங்கிருந்து நேர்கீழே ஒரு தூக்குக்குண்டு விட்டால், அது பாதங்களுக்குள்ளோ அவற்றின் இடைவெளியிலோ விழவேண்டும். வெளியே போனால் சாய்வோம். வழக்கமாகக் குனியும்போது இடுப்பு தானாகப் பின்னால் போய் ஈடுகட்டும். சுவர் அதைத் தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடப்பவரைக் கவனியுங்கள். உடல் எதிர்ப்பக்கம் சாயும், மறு கை விலகி நீளும். குடத்தையும் சேர்த்த புதிய மையத்தைப் பாதங்களுக்கு மேல் கொண்டுவரும் வேலை அது. சிலம்பத்தில் காலை அகட்டி, முட்டியை மடக்கி நிற்பதும் இதற்காகத்தான்.

அப்புறம், இந்த மையம் எப்போதும் உடலுக்குள்ளேயே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் உயரம் தாண்டுதலில் டிக் ஃபாஸ்பரி என்ற வீரர் 2.24 மீட்டர் தாண்டியதுபோல முதுகை வில்லாக வளைத்தால், உடல் கம்பிக்கு மேலே போகும்போதே மையம் அதற்குக் கீழே போக முடியும்.