மண்புழுத் தொட்டித் தண்ணீர்: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, மாடியில் புழுத்தொட்டி வைத்து மூணு மாசம். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில் கறுப்பாகத் தண்ணீர் வடிகிறது. கத்தரிக்கு ஊற்றலாமா?

தம்பி, அது வெர்மிவாஷ் (புழு வாழும் மண்ணைக் கழுவி இறங்கும், செடிக்குத் தெளிக்கிற தண்ணீர்) இல்லை. காய்கறித் தோல் அழுகி இறங்கின சாறு. முதலில் முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து வேருக்கு விடலாம், இலையில் படக்கூடாது. சாக்கடை நாற்றம் அடித்தால் செடிப்பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவசரத்தில் நான் ஒருமுறை கலக்காமல் மிளகாய் நாற்றுக்கு ஊற்றினேன். இரண்டே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. இவ்வளவு வடிகிறதென்றால் தொட்டியில் ஈரம் அதிகம். காய்ந்த சருகு போடுங்கள்.

அப்போ நிஜ வெர்மிவாஷ் எப்படி எடுப்பது சார்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். சென்னை மண் உயிரியலாளர் சுல்தான் இஸ்மாயில் பரப்பிய முறை இது. 200 லிட்டர் டிரம், அடியில் குழாய். கீழே உடைத்த செங்கல் ஒரு சாண், மேலே மணல் ஒரு சாண், அதன்மேல் ஒரு முழத்துக்குக் குறைவாகத் தோட்டத்து மண்ணும் உள்ளூர்ப் புழுவும். கடைசியாகச் சாணி, வைக்கோல். குழாயைத் திறந்தே வைத்துத் தினமும் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு வாரம் தாண்டியதும் ஒரு சாயங்காலம் குழாயை மூடி, அடியில் ஓட்டை போட்ட பானையில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி மேலே தொங்கவிடுங்கள். ராத்திரி முழுக்கச் சொட்டும். புழு போன வழியெல்லாம் கழுவிக்கொண்டு இறங்கும் தண்ணீரைக் காலையில் பிடித்தால் தேன் நிறத்தில் இருக்கும். இதைப் பத்து பங்கு தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம்.

எத்தனை பங்கு தண்ணீர்?

மேலே இருக்கிறது.

பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லிக்கு?

தொட்டிச் சாறு கூடவே கூடாது. அதில் என்னென்ன கிருமி இருக்குமோ.

ஐயா, எங்கள் பயிற்சியில் வேறு மாதிரி சொன்னார்கள். ஒரு கிலோ புழுவை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் அலசி எடுப்பதுதான் வெர்மிவாஷ் என்கிற புழுக் குளியல் நீராம்.

அந்த முறையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுத் தொட்டியில் ஒரு கிலோ புழுவுக்கு எங்கே போவது? சூடு கொஞ்சம் கூடினாலும் புழு செத்துப்போகும்.

சாகாது ஐயா. நான் நாலு வருஷமாகச் செய்கிறேன். அலசியதும் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை கழுவித் தொட்டியில் விட்டுவிடுவேன்.

உங்கள் கைக்கு அளவு தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர் அடுப்பில் சுடவைத்த தண்ணீரை விரலால் தொட்டுப்பார்த்து ஊற்றிவிடுவார். அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன்.

அக்காமார் சண்டைபோல ஆகிவிட்டது! என் தொட்டியிலும் கறுப்புத் தண்ணீர் வருகிறது, ரோஜாவுக்கு ஊற்றலாமா?

முதல் கேள்வியைப் படியுங்கள். படிக்கும்முன் முகர்ந்துவிட்டு வாருங்கள்.

பஞ்சகவ்யாவோடு கலக்கலாமா?

தனித்தனியாகத் தெளியுங்கள். பஞ்சகவ்யா என் பாடம் இல்லை.

கேனில் அடைத்து எத்தனை நாள் வைக்கலாம்?

சாறு என்றால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வெர்மிவாஷ் என்றால் நிழலில், மூடியை இறுக்காமல் சில நாள். வாசம் மாறியதும் கொட்டிவிடுங்கள்.