பக்கத்து மேசையிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு வயது 43. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) ஆகியவைதாம் என் உலகம். சென்ற ஆண்டு வந்த மென்பொருள் இவற்றைத் தானே நிரப்பிவிடுகிறது. ஐந்து பேர் இருந்த பிரிவில் இப்போது மூவர்தான். சிங்கப்பூர் அரசு பயிற்சிக்காகக் கொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி தொடாமல் கிடக்கிறது. நண்பர்கள் தரவுப் பகுப்பாய்வு படிக்கச் சொல்கிறார்கள். தம்பி இணையப் பாதுகாப்பு என்கிறான். மனைவி, வீட்டு முகவர் உரிமம் எடுங்கள் என்கிறார். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுவைத்தால் எது போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஆனால் 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்று அப்பா சொல்வாரே, அதுவும் நினைவுக்கு வருகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, அப்பா சொன்ன பழமொழி சரியானதுதான். ஆனால் அந்தத் தச்சன் மரங்களைக் கண்டதோடு நின்றுவிட்டான். நீங்கள் 17 ஆண்டு ஒரே மரத்தை வெட்டிப் பழகியவர். அந்தக் கைக்கு அடுத்த மரமும் பிடிபடும். அது பக்கத்தில் நிற்கும் மரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கதையைச் சொன்னால் இது விளங்கும். 1998இல், ஆசியப் பொருளாதார நெருக்கடியின்போது, எனக்கு வேலை போனது. அதற்குமுன் 13 ஆண்டுகள் கணினி ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் உலகத்துக்கு ஹார்ட் டிஸ்க் செய்து கொடுத்ததில் சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கள் தூய்மை அறையில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்குப் பெரிதோ ஆன துகள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல பாகத்தையும் கெட்டதையும் பிரிப்பது என் வேலை. கெட்டதை வாங்கி, அது எந்த லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி), எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட் என்று பதிவேட்டில் ஏற்றுவது பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்கார அக்காவின் வேலை. மதியச் சாப்பாடு முடிந்து மிச்சமிருக்கும் பதினைந்து நிமிடமும் நான் அவர் அருகில்தான் நிற்பேன். அவர் விடுப்பில் போன வாரங்களில் பதிவேடு என் கைக்கு வந்தது. அதற்காகச் சம்பளத்தில் ஒரு வெள்ளிகூட ஏறவில்லை.

வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு ஒரு மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நேர்காணலில் மேலாளர் அதிகம் கேட்கவில்லை. ஓர் அங்கியைக் கொடுத்து, "போட்டுக் காட்டுங்கள்" என்றார். முதலில் தலைமூடி, பிறகு முகமூடி, கைகளைக் கழுவிவிட்டு அங்கி. அதன் விளிம்பு தரையில் படாதபடி உள்பக்கமாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போட்டேன். வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் அங்கே என்னை நிலைக்க வைத்தது அந்த அக்காவிடம் கற்ற பதிவேடுதான். கருவித் தட்டு ஒவ்வொன்றும் எந்த ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்தில்), எத்தனையாவது சுற்றில், 134 டிகிரி நீராவியில் இருந்து வந்தது, பிறகு எந்த நோயாளிக்குப் போனது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிய வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய, சூட்டில் நிறம் மாறும் நாடாவில் கோடுகள் கறுத்திருந்தால் மட்டும் போதாது, சுற்று எண்ணும் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் லாட் எண்ணைத் தேடிப் பழகிய எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் பிரிவின் பதிவுகளுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். உங்களிடமிருந்து தாள் எங்கே போகிறது? சுங்க அனுமதிக்கு விண்ணப்பிப்பவரிடம்தானே? 1989இல் டிரேட்நெட் என்ற மின்னணு விண்ணப்ப முறை வந்து, நாள்கணக்கில் இழுத்த அனுமதியை நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்தது. படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை ஒழிந்தது. சரக்கு எந்த வகையில் சேரும் என்று தீர்மானிக்கும் வேலை இன்றும் இருக்கிறது. அந்த வகையைக் குறிக்கும் எட்டு இலக்க எச்எஸ் எண்ணில் முதல் ஆறு உலகத்துக்கே பொது, மற்ற இரண்டு ஆசியான் நாடுகளுக்கு. மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியம் தவிர மற்றவற்றுக்கு இங்கே சுங்கவரி இல்லை என்பதால் அந்த எண்ணைச் சிலர் அலட்சியமாகப் போடுகிறார்கள். அது தவறு. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளா என்பதை அறிய அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இன்வாய்ஸில் 'உதிரிபாகம்' என்று மட்டும் எழுதியிருந்தால் மென்பொருள் அப்படியே எடுத்துக்கொள்ளும். நீங்களோ, "என்ன உதிரிபாகம்? உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். 17 ஆண்டில் வந்த கேள்வி அது. அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். சுங்கத்துறையின் பயிற்சிக் கழகத்தில் நடைமுறை வகுப்பும், அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அறிவிப்பாளர்களுக்கான தகுதித் தேர்வும் இருக்கின்றன. அது கைவந்த பிறகு, அபாயகரமான சரக்கோ 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து அனுப்ப வேண்டிய மருந்துகளோ, உங்கள் நிறுவனத்தில் எது அதிகம் வருகிறதோ அதற்குப் போங்கள்.

தரவுப் பகுப்பாய்வு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் சேருமுன், கடந்த ஆறு மாதத்தில் எந்தக் கப்பல் நிறுவனத்தின் ஆவணம் எத்தனை நாள் தாமதமானது என்று நீங்களே எக்செல்லில் போட்டுப் பாருங்கள். எங்கே முட்டி நிற்கிறீர்களோ, அதைக் கற்றுத்தரும் வகுப்பாகத் தேடலாம். இணையப் பாதுகாப்பு உங்கள் மேசையிலிருந்து வெகுதூரம். வீட்டு முகவர் தொழிலில் பெரும்பாலும் கமிஷன்தான், மாதச் சம்பளம் கிடையாது. குடும்பத்தை வைத்துக்கொண்டு இப்போது அதில் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அந்த 4,000 வெள்ளி காலாவதி ஆகாது, பதற்றம் வேண்டாம். ஆனால் தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டுமே அது செல்லும். கட்டணம் கட்டுமுன் அந்த வகுப்புகளின் பட்டியலைப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கும் நிலை வந்தாலும், தகுதியுள்ள வகுப்புகளுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படித்தொகை உண்டு. ஆயுளில் 24 மாதம் வரை பெறலாம். அது கடைசிக் கதவாக இருக்கட்டும். முதலில் நாளை மதியம் பக்கத்து மேசைக்காரரிடம், "பதினைந்து நிமிடம் கூட இருந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கிறேன். வேலைக்குத் தமிழ் எதற்கு, அந்த நேரத்தில் வேறு ஏதாவது கற்றுக்கொள் என்று சொல்கிறார்கள். சரியா, அம்மா?
— மாணவி, தெம்பனிஸ்

பதில்: சரியே இல்லை, மகளே. ஒருமுறை வார்டுக்குத் தட்டு கொண்டுபோனபோது ஒரு பெரியவர், "நெஞ்சைக் கரிக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களுக்கு 'நெஞ்சு' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அவர் "அடைக்கிறது" என்று சொல்லியிருந்தால் அது வேறு அவசரம். இரண்டையும் பிரித்துச் சொல்ல அன்று அங்கே ஆள் இல்லாததால் என்னை நிறுத்திக் கேட்டார்கள். முடிவு மருத்துவருடையதுதான், ஆனால் நோயாளி சொன்னது பிசகாமல் அவர் காதுக்குப் போக வேண்டும். பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். எரிகிறது, கரிக்கிறது, குத்துகிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் ஆங்கிலச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் எழுதி, சீருடைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.